செந்தணலாய்ச் சிவந்தும் மழுங்காத உளி!

பம்பு செட், பஸ், ரெயில் - எதை எடுத்துக்கொண்டாலும், கடைசல் இயந்திரத்தில் உருண்டு வந்த உறுப்புகள் அதில் உண்டு. 'லேத்' என்று பட்டறையில் சொல்லப்படும் அந்த இயந்திரம் பெரியது. ஆனால், இரும்பைச் சீவுவது விரலளவே உள்ள ஓர் உளிதான். அதன் முனை மழுங்கினால் வேலை நிற்கும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரின் வருமானமும் அதோடு நிற்கும்.

இரும்பை இரும்பு வெட்டுவது எப்படி?

வெட்டப்படும் இரும்பைவிட உளி கடினமாக இருக்கவேண்டும். அது மட்டும் போதாது. சாணை பிடிக்கும் கோணமும் சரியாக இருக்கவேண்டும். முனைக்குக் கீழே சில டிகிரி சரிவு இல்லாவிட்டால் உளி வெட்டாது, தேய்க்கும். சரிவு மிதமிஞ்சினால் முனை மெலிந்து பொடிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பகை, சூடு! சீவப்படும் சுருள், உளியின் மேல் உராய்ந்து ஏறும்போது எழும் சூடு அது. பழைய கார்பன் எஃகு உளி, 250 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளேயே உறுதி குறையத் தொடங்கும். எனவே இயந்திரத்தை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. 1868-ல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட், டங்ஸ்டன் கலந்த எஃகைச் செய்தபின் நிலைமை சற்றே மாறியது.

26 ஆண்டு ஆராய்ச்சி

அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர், 1880-ல் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். உளியை எந்த வேகத்தில் ஓட்டினால் அதிக வேலை நடக்கும்? விடை காண 26 ஆண்டுகள் ஆயின. 30 ஆயிரத்துக்கு மேல் சோதனைகள். சுருளாகிப் போன உலோகம் சுமார் 360 டன்!

1898-ல் பெத்லகேம் எஃகு ஆலையில் அவருக்குத் துணையாக மான்செல் ஒயிட் சேர்ந்தார். அளவுக்கு மேல் காய்ச்சினால் எஃகு கெட்டுவிடும் என்பது கொல்லர்களின் அனுபவம். அது பொய்யல்ல. செந்நிறச் சூட்டைச் சற்றுத் தாண்டியதும் உளி கெடத்தான் செய்தது. ஆனால் இருவரும் அங்கே நிற்கவில்லை. டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகை, உருகும் நிலைக்கு அருகே வரை காய்ச்சினார்கள். என்ன வியப்பு! அந்த உளி முன்னிலும் உறுதியாயிற்று.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்த நிலையிலேயே அது எஃகைச் சீவியது. அதுதான் 'ஹைஸ்பீடு ஸ்டீல்'. அதன் வேகத்தைப் பழைய இயந்திரங்கள் தாங்கவில்லை. இயந்திரத்தையே பலமாக்க வேண்டியதாயிற்று!

வைரம் போல்...

அடுத்த வெற்றி ஜெர்மனியில் கிடைத்தது. மின்விளக்குக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது. வைரத்துக்கு மாற்றாக, டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டுடன் சேர்த்து, அழுத்திச் சுட்டு ஒரு பொருள் செய்தார்கள். 1920-களின் பிற்பகுதியில் குருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல்' என்னும் பொருளுள்ள ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது.

கார்பைடுக்குச் சூட்டைப் பற்றிய பயம் குறைவு. அதிர்ச்சியைப் பற்றிய பயம் அதிகம். இடித்தால் முனை தெறித்துவிடும். ஆகவே கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்துகளில் கார்பைடு வில்லைகள் ஆட்சி செய்தாலும், சிறு பட்டறைகளில் ஹைஸ்பீடு உளிக்கு மதிப்பு உண்டு. வேண்டிய வடிவத்தில் சாணை பிடித்துக்கொள்ளலாமே!

கைதேர்ந்த தொழிலாளி சுருளின் நிறத்தைக் கவனிப்பார். கார்பைடு உளியில் எஃகுச் சுருள் நீலமாக வந்தால் பாதகமில்லை. சூட்டைச் சுருள் சுமந்து போகிறது என்று பொருள். ஹைஸ்பீடு உளியில் அதே நீலம் தெரிந்தால், உடனே வேகத்தைக் குறைப்பார். முனை பிழைக்கும், அன்றைய கூலியும் பிழைக்கும்.