பின்னறை ஏன் குளிர்கிறது?

தகரக் கூரையின் கீழ் வாழ்ந்த எமது சகோதரிகளுக்குப் பகல் வெக்கையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் நண்பகலில் கொதிக்கும் அதே தகரம், மலையகத்தில் இரவானதும் குளிரை இறக்கும். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் மூத்தவர்களுக்கு அந்த லயத்துக் குளிர் இன்றும் நினைவிருக்கும்.

லயக்காம்பராவில் முன்னால் இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு. அடுப்படியில் வெக்கையும் புகையும்; மலையை ஒட்டிய பின்சுவரோரம் குளிரும் ஈரமும். புகையில் நிற்பவள் தாய். இடமில்லாததால் ஈரச் சுவரோரம் படுப்பவர்கள் முதியவர்களும் பிள்ளைகளும். ஒரே வீட்டுக்குள் ஏன் இந்த வேறுபாடு?

முதற்காரணம் கூரை. தகரம் வெயிலில் விரைவாகச் சூடேறும். இரவில் விரைவாகக் குளிரும். விடியற்காலையில் அதிலிருந்து நீர் சொட்டுவதும் இதனால்தான். கூரைக்கும் அறைக்கும் இடையே பலகைத் தட்டி அமைத்தால் வெக்கையும் குளிரும் தணியும். வெப்பமான பிரதேசங்களில் தகரத்தின் மேல் கிடுகு வேயலாம். அடுப்புக்கு மேலே இவை எதுவும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இரண்டாவது காற்று. சூடான காற்று மேலே எழும். அடுப்புக்கு மேலே புகைக்கூடும், எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பும் இருந்தால் புகை வெளியேறும். குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரங்களையும் சாக்கால் அடைத்துவிடக் கூடாது. வீட்டுப் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுப்பது இன்னும் ஆபத்து. மணமில்லாத நச்சுவாயு நித்திரையிலேயே உயிரைப் பறிக்கும்.

மூன்றாவது ஈரம். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். துணி காயும்போது உடற்சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஈரச் சுவரும் அறையின் சூட்டை அவ்வாறே எடுக்கும். எத்தனை கம்பளி போட்டாலும் சுவர் காயாமல் குளிர் போகாது. ஆகவே கூரைக்குப் பீலி பூட்டி மழைநீரைத் தூரமாக விடுங்கள். பின்சுவரோரக் கானைத் துப்புரவாக வைத்திருங்கள். சுவரில் சாய்த்து விறகு அடுக்காதீர்கள். படுக்கையை ஒரு சாணாவது தள்ளிப் போட்டு, அடியில் பலகை வையுங்கள்.

இத்தனை செய்தும் பின்சுவரின் ஈரம் கூடிக்கொண்டே போனால், அது வீட்டின் குறையாக மட்டும் இருக்காது; மலை தரும் செய்தியாகவும் இருக்கலாம். மண்திட்டில் புதிதாக ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரங்கள் சரிதல், கதவு திடீரென இறுகுதல் ஆகியன மண்சரிவுக்கான அறிகுறிகள். அறையைப் பெருப்பிக்க எண்ணிப் பின்திட்டை வெட்டுவதும் மலையின் காலை வெட்டுவது போன்றதே.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. அங்கு குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் போவதற்கு வேறு காணியோ வீடோ மக்களிடம் இருக்கவில்லை. எச்சரிக்கை மட்டும் போதாது, பாதுகாப்பான நிலமும் வேண்டும் என்பதை அந்த இழப்பு காட்டியது.

போரில் ஒருமுறை வீட்டை இழந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். சுவரில் மாற்றம் கண்டால் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். பல வீடுகளில் ஒரே மாற்றமென்றால் ஒன்றாகச் சென்று கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திற்கு அழையுங்கள். கடும்மழை இரவில் பதில் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

பீலி, கான், புகைக்கூடு ஆகியவற்றை நாமே சீர்செய்யலாம். உறுதியான நிலத்தில் ஒரு வீட்டை மட்டும் கேட்டுத்தான் பெறவேண்டும். அது சலுகையல்ல, எமது உரிமை.