ஹிந்தும் அஸ்மாவும்: பெயருக்குப் பால் உண்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய தோல் தொழில் நகரங்களில் முஸ்லிம்களின் பெயர்ப் பட்டியல் எதைப் புரட்டினாலும் நசீம், ஷமீம், இக்பால், மும்தாஸ், நுஸ்ரத், கௌஸர், ஃபிர்தௌஸ் போன்ற பெயர்கள் எதிர்ப்படும். பெயரை மட்டும் கொண்டு அதற்குரியவர் ஆணா பெண்ணா என்று துணிய இயலாது. வீட்டிலும் தெருவிலும் எவருக்கும் இதனால் ஐயம் எழுவதில்லை. ஆதார் அட்டை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வாரிசுச் சான்றிதழ் என்று வரும்போதுதான் இடர் தொடங்குகிறது. பெயரைக் கண்டு ஊகித்துப் 'பால்' என்னும் கட்டத்தை யாரோ நிரப்பிவிடுகின்றனர். திருத்த அலைவது பெயருக்குரியவர். இதனால் சலிப்புற்ற சிலர், இருபாலுக்கும் வழங்கும் பெயர்களே பிழையானவை, அவற்றை மாற்றிவிடுவதே நன்று என்கின்றனர். அதற்கு மார்க்கத்தையும் துணைக்கு அழைக்கின்றனர். இக்கூற்று பொருந்துமா என்பதை நாம் ஆராய்வோம்.

இஸ்லாமிய வரலாற்றின் முதல் தலைமுறையிலேயே இத்தகைய பெயர்களைக் காண்கிறோம். ஹிந்த் என்றவுடன் உத்பாவின் மகள் ஹிந்த் (ரலி) நம் நினைவுக்கு வருவார். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயரும் ஹிந்த் என்பதே. ஆனால் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகனின் பெயரும் ஹிந்த்தான். அண்ணலாரின் தோற்றப் பொலிவை வருணித்துரைத்த ஹிந்த் இப்னு அபீ ஹாலா (ரலி) அவரே. அஸ்மா என்பது அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளுடைய பெயர். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸாவின் புதல்வர் ஒருவரின் பெயரும் அஸ்மா. அவருடைய உடன்பிறந்தாரின் பெயரோ ஹிந்த். ஹிந்த், அஸ்மா என்னும் பெயர்கொண்ட இவ்விரு சகோதரர்களும் நபி (ஸல்) அவர்களின் வாயிலில் இடையறாது பணிபுரிந்தவர்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பெயர்மாற்றத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பாதவர் அல்லர். 'நற்பண்பினள்' என்று பொருள்படும் பர்ரா என்னும் பெயர் தற்புகழ்ச்சியாகும் என்பதால் அதனை ஸைனப் என்றும் ஜுவைரியா என்றும் மாற்றினார்கள். 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்பதை ஜமீலா ஆக்கினார்கள். இம்மாற்றங்களுக்குக் காரணம் பெயரின் பொருளே. ஆடவர் தாங்கிய ஹிந்த், அஸ்மா என்னும் பெயர்களோ அப்படியே நிலைத்தன. ஆண்கள் பெண்களைப் போலவும் பெண்கள் ஆண்களைப் போலவும் நடந்துகொள்வதைக் கண்டிக்கும் நபிமொழி உண்டு. ஆயினும் எப்பெயர் யாருக்குரியது என்பதை அந்தந்த மக்களின் வழக்கே தீர்மானிக்கிறது. ஒரு சமூகம் இருபாலுக்கும் இட்டு வழங்கும் பெயரில் 'போலி நடத்தை' என்பதற்கு இடமேது?

சொல்லின் ஈறு பாலைக் காட்டிவிடும் என்பதும் முழு உண்மையன்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திலும் 1924இல் தோன்றிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமிலும் அரபு இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இது தொடக்கப்பாடம். தல்ஹா, ஹம்ஸா என்பன வடிவால் பெண்பால். தாங்கியவர்களோ வீரமிக்க ஆடவர். ஸைனப், மர்யம் ஆகியவற்றில் பெண்பால் ஈறு இல்லை. அவை பொருளால் பெண்பால். முன்னதை 'முஅன்னஸ் லஃப்ளீ' என்றும் பின்னதை 'முஅன்னஸ் மஃனவீ' என்றும் இலக்கணிகள் பிரித்துரைத்தனர்.

நம் வட்டாரத்தில் வழங்கும் பெயர்கள் பல அரபியிலிருந்து பாரசீகம் வழியாக உருதுவை அடைந்தவை. பாரசீகத்தில் பால் பாகுபாடு இல்லை. 'அவன்', 'அவள்' இரண்டிற்கும் ஒரே சொல்தான். நசீம் என்பது இளங்காற்று, ஷமீம் நறுமணம், இக்பால் நற்பேறு, நுஸ்ரத் உதவி. இயற்கைப் பொருளுக்கும் பண்புக்கும் ஆண் பெண் என்ற வேறுபாடு ஏது? ஆதலின் கவிஞர் முஹம்மது இக்பாலுக்கும் (1877–1938) கஸல் பாடகி இக்பால் பானுவுக்கும் ஒரே பெயர் அமைந்தது. கவ்வாலி இசைமேதை நுஸ்ரத் ஃபதேஹ் அலி கான் ஆண். நுஸ்ரத் பூட்டோ பெண். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் பெண்மணி. துருக்கியின் குடியரசுத் தலைவராயிருந்த இஸ்மத் இனோனு ஆடவர். இரண்டாம் சொல்தான் பெரும்பாலும் ஐயம் நீக்கியது. நசீம் அஹ்மத் என்றால் ஆண். நசீம் பானு என்றால் பெண். தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பீவி, அம்மாள் என்று சேர்த்துக்கொண்டன.

அவ்வாறாயின் இடர் எங்கிருந்து வந்தது? இந்நகரங்களில் மூன்று மொழிகள் ஒருங்கே புழங்குவதை இங்கு நோக்க வேண்டும். உருதுவில் 'நசீம் ஆயா' என்றால் வந்தவர் ஆண். 'நசீம் ஆயீ' என்றால் பெண். மரியாதைப் பன்மையிலும் இவ்வேறுபாடு மறைவதில்லை. தமிழில் வந்தான், வந்தாள் எனப் பால் விளங்கும். 'வந்தார்' என்று மதித்துக் கூறும்போது மறைந்துவிடும். ஆங்கில வினையிலோ பால் அறவே இல்லை. இருதிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்கள் வினையோடு சேர்ந்தாலன்றிப் பால் தெரிவதில்லை என்று தொல்காப்பியப் பெயரியல் கூறுகிறது. அலுவலகப் படிவத்தில் வினையே கிடையாது. பெயர் தனித்து நிற்கிறது. பானுவும் அஹ்மதும் உதிர்ந்து, தலைப்பெழுத்தோடு 'கே. நசீம்' என்று சுருங்கும்போது வீட்டில் விளங்கியது படிவத்தில் மயங்குகிறது.

இம்மயக்கத்தை நம் முன்னோர் வெகு காலத்திற்கு முன்பே எதிர்கொண்டனர். ஹிஜ்ரி 173இல் மறைந்த பஸராவின் நபிமொழி அறிவிப்பாளர் ஒருவரின் பெயர் ஜுவைரியா இப்னு அஸ்மா. தம் பெயர், தந்தை பெயர் இரண்டும் பெண்களுக்குப் பெரிதும் வழங்குபவை, இருவருமோ ஆடவர். 'இப்னு' என்னும் ஒரு சொல் அவரைத் தெளிவாக்குகிறது. அறிவித்தவர் ஆணாயின் 'ஹத்தஸனா', பெண்ணாயின் 'ஹத்தஸத்னா' என்று வினையும் காட்டிக்கொடுக்கும். இப்னு ஸஅதின் 'தபகாத்'தும் இப்னு ஹஜரின் 'இஸாபா'வும் பெண்களுக்குத் தனிப்பகுதி வகுத்தன. தமிழில் 'ஜுவைரியா அறிவித்தார்' என்று மட்டும் எழுதினால் வாசகர் அன்னை ஜுவைரியா (ரலி) அவர்களையே எண்ணக்கூடும். அறிஞர்கள் பெயரை மாற்றவில்லை, பதிவைச் செம்மையாக்கினர்.

அதே செம்மை இன்று நமக்கும் தேவை. பெண்கள் பெருந்தொகையினராகப் பணியாற்றும் காலணித் தொழிற்சாலைகளில், ஒரு பெண்ணின் வைப்பு நிதிக் கணக்கில் 'ஆண்' என்று பதிவாகிவிட்டால் அவ்விவரம் ஆதாரோடு பொருந்தாது. அவள் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெறுவது தடைப்படக்கூடும். வாரிசுரிமையில் இது மேலும் கூர்மையானது. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி மகனின் பங்கு மகளின் பங்கைப்போல் இருமடங்கு. இறைவனின் கணக்கில் பங்கு ஆளைப் பொறுத்தது. அலுவலகம் காண்பதோ தாளை. தாளில் நேர்ந்த ஒரு பிழை உடன்பிறந்தோரிடையே வழக்காக வளர்ந்துவிடலாம்.

திருத்தத்திற்கு வழியுண்டு. வைப்பு நிதி நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கூட்டு உறுதிமொழி நடைமுறையில் திருத்தத்தக்க 11 விவரங்களுள் பெயரும் பாலும் அடங்கும். ஆதாரைப் பொறுத்தவரை, 2019இல் வகுத்த வரம்பின்படி பெயரை இருமுறையும் பாலை ஒருமுறையுமே மாற்றலாம். ஆகவே முதற்பதிவிலேயே விழிப்பு வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரின் இரு சொற்களையும் சுருக்காது எழுதுவித்தல், எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணுதல், ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் தலைப்பெழுத்தோடு நில்லாது 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என விரித்தெழுதுதல் ஆகியவை எளியவை. மலேசிய முஸ்லிம்களின் பெயரிலேயே 'பின்', 'பிந்தி' இடம்பெறுவதால் அங்கு நூர் என்னும் பெயர் ஆண் பெண் இருவர்க்கும் இடரின்றி வழங்குகிறது.

பாட்டனார் விரும்பி இட்ட இக்பாலையும் தாய் ஆசையோடு அழைக்கும் கௌஸரையும் ஒரு கட்டத்தின் பொருட்டு நாம் இழக்க வேண்டியதில்லை. ஹாரிஸாவின் மைந்தர் ஹிந்தும் அஸ்மாவும் தம் பெயர்களுடனேயே அண்ணலாரின் வாயிலில் நின்றனர். நம் பிள்ளைகளும் தம் பெயர்களுடனேயே அலுவலக வாயில்களில் நிற்கட்டும். படிவத்தை அவர்களுக்கேற்பச் சரியாக நிரப்புவது பெற்றோர், ஜமாஅத், தொழிற்சாலை ஆகிய மூவரின் பொறுப்பு.