டெலிவிஷனுக்குப் பதில் சொன்ன ஊர்!

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணம். அங்கே கொலம்பஸ் என்று ஒரு நகரம். 1977-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி அந்த ஊரில் ஒரு புதுமை தொடங்கியது. அதன் பெயர் "க்யூப்". வார்னர் கேபிள் கம்பெனியார் அதை நடத்தினார்கள்.

டெலிவிஷன் பேசும், நாம் பார்த்துக்கொண்டு இருப்போம். அதுதான் வழக்கம். க்யூபில் அப்படி அல்ல. பார்ப்பவர்களும் பதில் சொல்லலாம்!

எப்படி? சந்தா கட்டிய வீடுகளுக்குப் பொத்தான்கள் வைத்த சிறு பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அதில் 30 அலைவரிசைகள் பார்க்கலாம். பதில் சொல்வதற்கென்றே 5 பொத்தான்கள் தனியாக இருந்தன. கேள்வி திரையில் வரும். பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இத்தனை பேர் "சரி", இத்தனை பேர் "வேண்டாம்" என்று கணக்கு வந்துவிடும்.

(குழந்தைகளுக்கான "நிக்கலோடியன்" இருக்கிறதே, அதுவும் க்யூபில் "பின்வீல்" என்ற பெயரில் பிறந்ததுதான்.)

கம்பி ஒன்று, வீடு பல

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கஷ்டம் கம்பியில் இருந்தது.

டெலிபோனுக்கு வீட்டுக்கு வீடு தனிக் கம்பி போகும். கேபிள் டெலிவிஷன் மரம் மாதிரி. அடிமரத்தில் இருந்து கிளை; கிளையில் இருந்து சிறு கிளை. படம் அனுப்ப அது போதும். ஆனால் எல்லா வீடுகளும் அதே கம்பியில் ஒரே சமயத்தில் பதில் சொன்னால்? சந்தைக் கூச்சல்தான்! ஒன்றும் விளங்காது.

ஆகவே யார், எப்போது, என்ன பேசலாம் என்று ஒரு விதி வேண்டும். இப்படிப்பட்ட விதிகளுக்குத்தான் "புரோட்டோகால்" என்று பெயர்.

க்யூபின் விதி பள்ளிக்கூடத்து விதி. வாத்தியார் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பையன் மட்டும் "ஆஜர்" என்பான். இங்கே வாத்தியார், நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டர். "டெலிவிஷன் ஓடுகிறதா? எந்த அலைவரிசை? எந்தப் பொத்தான்?" என்று வீடு வீடாகக் கேட்கும். எல்லா வீடுகளையும் ஒரு சுற்று கேட்டு முடிக்க 6 விநாடிதான்!

1997-ல் வந்த "டாக்சிஸ்" என்ற விதியில் முறை மாறியது. பேச விரும்பும் பெட்டி முதலில் கை தூக்கும். நிலையம் அதற்கு நேரம் ஒதுக்கும். இரண்டு பெட்டிகள் ஒன்றாகக் கை தூக்கிவிட்டால், ஆளுக்கொரு கணக்காகச் சற்றுப் பொறுத்து மறுபடி தூக்கும்.

வீட்டு ரகசியம்

க்யூபில் ஒரு சங்கடம் இருந்தது. நீங்கள் பொத்தானைத் தொடாவிட்டாலும் பெட்டி ஆஜர் சொல்லும். எந்த வீட்டில் எந்தப் படம் ஓடுகிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். காசு கொடுத்துப் பார்க்கும் படத்துக்குப் பில் போட அது தேவைதான். ஆனால் நாலு சுவருக்குள் நடப்பது வெளியே போய்விட்டால்? மக்கள் பயந்ததில் நியாயம் உண்டு.

செலவு தாங்காமல் 1984-ல் க்யூப் நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் கேபிள் சட்டம் வந்தது. சந்தாதாரரின் சொந்த விவரங்களை, சில விலக்குகள் தவிர, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது. என்ன விவரம் சேர்க்கிறோம் என்று வருஷம் ஒரு முறை எழுதித் தெரிவிக்க வேண்டும். மீறினால் சந்தாதாரர் கோர்ட்டுக்குப் போகலாம்.