‘தொடரும்’ என்னும் ஒரு சொல்: கலிபோர்னியாவில் பொதுச் சுகாதார நிதி நிறைவேறும் விதம்

மருத்துவமனை ஒன்று கட்டி முடிக்கப்பட்டால் திறப்பு விழா நடைபெறும். கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படும். காசநோய் கண்ட ஒருவருடன் பழகியவர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று சோதித்து, நோய் மேலும் பரவாமல் தடுத்த செவிலியருக்கு அத்தகைய விழா எதுவும் கிடையாது. அவருடைய வெற்றி என்பது நிகழாமற் போன ஒன்று. நிகழாததைக் காட்டி நிதி கேட்பது எளிதன்று. பொதுச் சுகாதாரத்திற்கான நிதி சட்டமன்றங்களில் ஏன் எப்போதும் இழுபறிக்கு உள்ளாகிறது என்பதை விளங்கிக்கொள்ள இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைக் கொள்வோம். ஆளுநர் என்றவுடன் இந்திய மாநிலங்களில் மத்திய அரசால் நியமிக்கப்படும் ஆளுநரை நினைத்துவிடலாகாது. இங்கு ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர், நிருவாகத்தின் தலைவர். சட்டமன்றமோ 80 உறுப்பினர் கொண்ட கீழவையும் 40 உறுப்பினர் கொண்ட மேலவையும் சேர்ந்தது. ஆளுநர் ஜனவரி 10ஆம் நாளுக்குள் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். மே மாத நடுவில், வரி வரவை மீண்டும் கணித்து, திருத்தப்பட்ட திட்டத்தை அளிப்பார். ஜூன் 15 நள்ளிரவுக்குள் சட்டமன்றம் அதனை நிறைவேற்ற வேண்டும். ஜூலை 1 அன்று நிதியாண்டு பிறந்துவிடும்.

ஜனவரிக்கும் மே மாதத்திற்கும் இடைப்பட்ட காலம் துணைக்குழுக்களுக்கு உரியது. ஒவ்வோர் அவையிலும் சுகாதாரச் செலவை ஆராயும் துணைக்குழு கூடி, துறையின் அதிகாரிகளை அழைத்து ஒவ்வோர் இனமாகக் கேள்வி எழுப்பும். 1941இல் நிறுவப்பட்ட சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம், கட்சிச் சார்பின்றித் தன் மதிப்பீட்டை அங்கு முன்வைக்கும். இறுதியில் பொதுமக்கள் வரிசையில் நின்று தத்தம் நிலைப்பாட்டை ஓரிரு வரிகளில் கூறிச் செல்வர். அதன்பின் அவ்வினம் பெரும்பாலும் முடிவின்றி ‘திறந்தே’ வைக்கப்படும். மே மாத வரவுக் கணக்கு தெரியாமல் எவரும் வாக்களிக்க விரும்புவதில்லை. பார்வையாளருக்கு இது காலம் கடத்துவது போலத் தோன்றலாம். எனினும் எந்த இனத்தை உறுப்பினர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதை ஆளுநரின் அதிகாரிகள் அறிந்துகொள்வது அந்த அறையில்தான்.

நமக்குப் பழக்கமான சிங்கப்பூர் நாடாளுமன்ற முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். இங்கே சுகாதார அமைச்சின் செலவினம் பற்றிப் பேச விரும்பும் உறுப்பினர், அதிலிருந்து 100 வெள்ளியைக் குறைக்குமாறு முன்மொழிவார்; அமைச்சர் விளக்கமளித்த பின் அதனை மீட்டுக்கொள்வது வழக்கம். அந்த 100 வெள்ளி, பேசுவதற்கான நுழைவுச்சீட்டு. கலிபோர்னியச் சட்டமன்றமோ தொகையைக் குறைக்கலாம், கூட்டலாம், ஆளுநர் கேட்காத ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம். ஆகவே அங்கு நடப்பது விவாதம் மட்டுமன்று, பேரமும்கூட.

ஆனால் பேரத்திற்கு உள்ளாகும் பணம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. மாநிலம் பற்றாக்குறையோடு திட்டத்தை நிறைவேற்ற இயலாது. 1988இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு சட்டத்திருத்தம், பொது நிதியில் பெரும்பங்கைப் பள்ளிகளுக்கும் சமூகக் கல்லூரிகளுக்கும் உறுதிசெய்கிறது. மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் சார்ந்திருக்கும் ‘மெடி-கால்’ மருத்துவக் காப்புறுதியில் ஒரு டாலரைக் குறைத்தால், அதனோடு இணைந்து வரும் கூட்டரசின் பங்கும் கைநழுவும். கல்விக்குச் சட்டம் காவல்; மருத்துவக் காப்புறுதிக்குக் கூட்டரசின் பணம் காவல். நோய்த்தடுப்புப் பணியாளரின் ஊதியத்திற்கு அத்தகைய காவல் கிடையாது. பற்றாக்குறை நேர்ந்தால் கத்தரிக்கோல் முதலில் அங்கே செல்வதன் காரணம் இதுவே.

இறுதிக் கட்டத்தில் பேச்சு மூவரிடம் சுருங்குகிறது: ஆளுநர், மேலவைத் தலைவர், கீழவைச் சபாநாயகர். முன்னர் இத்திட்டத்திற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. சிறுபான்மைக் கட்சியின் ஒரு சில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் அதனை நிறுத்திவைக்க முடிந்தது. 2010இல் வாக்காளர்கள் அதனைச் சாதாரணப் பெரும்பான்மையாக மாற்றினர்; ஜூன் 15 தவறினால் உறுப்பினர்களின் ஊதியம் பறிபோகும் என்றும் விதித்தனர். விளைவு சற்று விந்தையானது. அவைகள் தங்களுக்கு உகந்த ஒரு வடிவத்தைக் குறித்த நாளுக்குள் நிறைவேற்றிவிடுகின்றன. ஆளுநருடனான உண்மையான உடன்பாடு அதன் பின்னரும் நடக்கிறது. இவ்வாறு விதியும் காக்கப்படுகிறது, ஊதியமும் காக்கப்படுகிறது!

உடன்பாடு எட்டினாலும் ஆளுநரின் பேனா எஞ்சியிருக்கும். தனி இனங்களை அவர் குறைக்கலாம், நீக்கலாம், கூட்ட இயலாது. 2009 ஜூலையில், மாநிலக் கருவூலம் வறண்டிருந்த வேளையில், ஆளுநர் ஆர்னால்ட் சுவார்ஸ்னெக்கர் சட்டமன்றம் ஏற்ற திட்டத்திலிருந்து ஏறத்தாழ 489 மில்லியன் டாலரை நீக்கினார். எச்.ஐ.வி. தடுப்புப் பணிகளும் அதில் அடிபட்டன. வழக்குத் தொடரப்பட்டது, மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் ஆளுநருக்கு அவ்வதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது.

இனித் தலைப்பில் குறித்த சொல்லுக்கு வருவோம். வரவுசெலவு மொழியில் ஒரு தொகை ‘ஒருமுறை’ வழங்கப்படுவதாகவோ ‘தொடரும்’ என்றோ குறிக்கப்படும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளுக்குப் பணம் வந்தது. ஆனால் பெரும்பாலும் ஒருமுறைப் பணம். அதைக்கொண்டு பரிசோதனைக் கருவி வாங்கலாம், ஒப்பந்தப் பணியாளரை அமர்த்தலாம். நிரந்தரமாக ஒரு செவிலியரையோ நோய்ப்பரவலியல் வல்லுநரையோ நியமிக்கத் துணிவு வராது. இரண்டாண்டில் முடியும் வேலைக்கு யார் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வருவார்? இத்தகைய உள்ளூர்த் துறைகள் மாநிலத்தில் 61 உள்ளன. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்கும் ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஆல்பைன் மலைக் கவுண்டிக்கும் ஒன்று. சிறிய இடங்களில் ஓரிருவர் விலகினாலே துறை தள்ளாடும்.

எனவே 2021இல் வரவு பெருகியிருந்தபோது, உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர் பலரும் ‘தொடரும்’ நிதியையே கோரினர். ஆளுநர் கேவின் நியூசமின் நிருவாகம் முதலில் ஆய்வு, பிறகு நிதி என்றது. நெடிய பேச்சுக்குப் பின் ஒரு நடுவழி கண்டனர்: அவ்வாண்டு இல்லை, ஆனால் 2022 ஜூலை முதல் ஆண்டுதோறும் 300 மில்லியன் டாலர். அதில் 200 மில்லியனுக்குச் சற்று மேல் உள்ளூர்த் துறைகளுக்கு, எஞ்சியது மாநிலத் துறைக்கு.

தொகையைத் தாங்கிய திட்டத்தோடு அதன் நிபந்தனைகளைத் தாங்கிய மற்றொரு மசோதாவும் வந்தது. முதன்மை மசோதாவின் பின்னே பூட்டப்பட்ட இழுவண்டி போல வருவதால் ஆங்கிலத்தில் அதனை ‘டிரெய்லர்’ என்பர்; ‘பின்தொடர் மசோதா’ என நாம் அழைக்கலாம். செய்தியாளர்கள் தொகையைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் அதன் உயிர்நாடி இந்த மசோதாவில்தான் இருக்கிறது. உள்ளூர்த் துறைகள் தம் பங்கில் குறைந்தது 70 விழுக்காட்டை நிரந்தரப் பணியாளரை அமர்த்தச் செலவிட வேண்டும் என அது விதித்தது. முன்பே செலவிட்டு வந்த சொந்தப் பணத்தை நிறுத்திவிட்டு இப்பணத்தால் அவ்விடத்தை நிரப்பக்கூடாது என்றும் தடுத்தது.

‘தொடரும்’ என்ற சொல்லுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. கலிபோர்னியாவின் வரவு பெருமளவு செல்வந்தரின் வருமான வரியைச் சார்ந்தது. பங்குச் சந்தை சரிந்தால் கருவூலமும் சரியும். போதாக்குறைக்கு, 2023இல் கடும் புயல்மழையின் காரணமாக வரி செலுத்தும் இறுதிநாள் நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டுத் திட்டம் வரவு தெரியாமலே நிறைவேறியது. டிசம்பரில் பகுப்பாய்வாளர் அலுவலகம் 68 பில்லியன் டாலர் பற்றாக்குறையை அறிவித்தது. ஜனவரியில் ஆளுநரின் கணிப்பு 38 பில்லியனுக்கு அருகில் நின்றது. 2024 மே மாதத் திருத்தத்தில், அந்த 300 மில்லியனை முழுவதுமாக நீக்க ஆளுநர் முன்மொழிந்தார். இரண்டாண்டுகூட நிறைவுறவில்லை.

இம்முறை உள்ளூர்த் துறைகளிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. 70 விழுக்காட்டு நிபந்தனையால் அப்பணம் ஏற்கெனவே மனிதர்களாக மாறியிருந்தது. நிதி போனால் அவர்களை விலக்க நேரும் என்பதை அவர்களால் எடுத்துரைக்க முடிந்தது. தடுக்கப்பட்ட நோயை எவருக்கும் காட்ட இயலாது. பணியிழக்கவிருக்கும் செவிலியரைக் காட்டலாம். இரு அவைகளும் ஒன்றிணைந்து வெளியிட்ட திட்டம் அந்த வெட்டை ஏற்கவில்லை. சிறைத்துறைச் செலவைக் கூடுதலாகக் குறைக்கலாம் என அது மாற்றுவழியும் காட்டியது. ஜூன் 13இல் அவைகள் தம் வடிவத்தை நிறைவேற்றின. 22இல் ஆளுநருடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 29இல் அவர் கையொப்பமிட்டார். பொதுச் சுகாதார நிதியில் ஒரு சிறு பகுதி குறைக்கப்பட்டது; பெரும்பகுதி தப்பியது. ‘தொடரும்’ என்ற குறிப்பும் அதன் பக்கத்திலேயே நின்றது, அடுத்த ஜனவரி 10 வரையிலாவது.