காரணமறியாப் படபடப்பு
ஓடவுமில்லை, மாடிப்படி ஏறவுமில்லை. ஈஸிசேரில் சாய்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, சாதாரணமாக நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும் இருதயம், விசையைத் தட்டிவிட்டாற்போல் திடீரென 180 வரை பாய்ந்து, அதேபோல் சட்டென்று அடங்கியும் விடுமானால், அது இருதயத்தின் மின்பாதையில் நேர்ந்த ஒரு குறுக்குச் சுற்றின் விளைவாக இருக்கக்கூடும். அத்தருணத்தில் மூச்சை அடக்கிச் சுமார் 15 விநாடி முக்கினால், இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பெற்றுச் சிலருக்கு அந்தப் படபடப்பு நின்றுவிடுவதுண்டு. சங்கடம் என்னவென்றால், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் நாடி பரம சாதுவாகிவிடும், இ.சி.ஜி.யும் குற்றமற்றதென்றே வரும். 'எல்லாம் பிரமை' என்று வீட்டார் தீர்ப்பளிப்பது அநியாயம். ஆரம்பித்த நேரத்தையும் நாடியின் எண்ணிக்கையையும் குறித்துவைப்பதும், இருதயத் துடிப்பை இடைவிடாமல் பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுதும் மார்பில் அணிவதும், தைராய்டையும் ரத்தசோகையையும் பரிசோதிப்பதும் உசிதம். மார்புவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், குறிப்பெழுதிக்கொண்டிராமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும்.