நிறுவனத்தின் பழி ஊழியரைச் சேருமா?

ஜரிகையில் கலப்படம் செய்த முதலாளியின் குற்றத்தை, தறியில் அமர்ந்து நெய்தவர் மீது சுமத்துவது நியாயமன்று. காஞ்சி மக்கள் நன்கறிந்த இந்த நியாயம், நம் பிள்ளைகள் நாடிச் செல்லும் கணினித் துறையில் பல வேளைகளில் மறக்கப்படுகிறது.

ஐதராபாத் 'சத்யம்' கணினி நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கில் மோசடி செய்ததை 2009 ஜனவரி 7 அன்று தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டார். இருப்பாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் பொய்க்கணக்கு. அக்கணக்கைக் கண்ணாலும் காணாத பல்லாயிரம் ஊழியர்கள், களங்கப்பட்ட அந்தப் பெயரைச் சுமந்தே வேறு வேலை தேட நேர்ந்தது.

இத்தகைய வழக்கொன்று இலண்டனில் முன்னரே எழுந்தது. ஆகா ஹசன் அபேதி 1972இல் நிறுவிய பி.சி.சி.ஐ. வங்கி, மோசடியால் 1991இல் மூடப்பட்டது. அதன் களங்கத்தால் தமக்கு வேலை கிடைக்கவில்லை என்று முன்னாள் ஊழியர் இருவர் முறையிட்டனர். முதலாளியின் நேர்மைக்கேட்டால் ஊழியரின் எதிர்காலம் கெட்டால் இழப்பீடு கோரலாம் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1997இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1999இல் வேறு சில ஊழியர்களின் வழக்கு தோற்றது. வேலை கிடைக்காமைக்குக் களங்கமே காரணம் என்பதை அவர்களால் மெய்ப்பிக்க இயலவில்லை.

எனவே, பெற்றோர்களே! பணி விடுவிப்புக் கடிதம், தாம் முடித்த பணிகளின் விவரம், மேலதிகாரியின் நற்சான்று ஆகியவற்றைப் பணியில் இருக்கும்போதே சேர்த்து வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நேர்காணலில் பழைய நிறுவனத்தை மறைக்கவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். தாம் செய்த வேலையை அவர்கள் தெளிவாக எடுத்துரைக்கட்டும். வேலை தருவோரும் பெயர்ப்பலகையைப் பாராமல் ஆளைப் பார்க்கட்டும்.