டிராக்டருடன் செல்லும் பட்டறை

விதைப்பு நாளில் கலப்பைச் சட்டம் முறிந்தால், நகரத்துப் பட்டறைக்குச் சென்று திரும்புவதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்துவிடுகிறது. பட்டறையையே டிராக்டரில் ஏற்றிச் செல்ல இயலும் என்பதை விவசாய அன்பர்கள் அறிதல் நலம்.

எஞ்சின் சுழற்சியைப் பெல்ட் வழியே சிறு கம்பிரசருக்குக் கொடுத்தால் டயருக்குக் காற்று கிடைக்கும். பழைய காரின் குளிர்சாதனக் கம்பிரசரையும் சிலர் பொருத்துவர். அது குளிர்வாயுவுடன் சுற்றிவரும் எண்ணெயால் இயங்குவது. வெறுங்காற்றை அழுத்துகையில் எண்ணெயைத் தனியே ஊட்டாவிடில் விரைவில் தேய்ந்து இறுகிவிடும். காற்றுத் தொட்டிக்குப் பாதுகாப்பு வால்வு கட்டாயம் வேண்டும்; இதில் சிக்கனம் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. தொட்டியில் சேரும் நீரையும் அவ்வப்போது வடித்துவிடல் வேண்டும்.

பற்றவைக்க, நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழலும் பி.டி.ஓ. தண்டினால் இயங்கும் வெல்டிங் ஜெனரேட்டரே சிறந்தது. விலை மிகுதியாதலால், சிலர் கூடி வாங்குவதே தகும். அவசரத்திற்கு 12 வோல்ட் பாட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தும் பற்றவைக்கலாம். பாட்டரியினின்று எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்குமாதலின், அவற்றை எட்டவே வைத்தல் வேண்டும்.

டிராக்டரின் உடற்பகுதியையே பற்றவைப்பதாயின், முதலில் அதன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுக. இதனை ஒருமுறை மறந்து, நாம் ஆல்டர்னேட்டரைப் பறிகொடுத்தோம்.